ஆச்சி முடைஞ்ச கிறிஸ்துமஸ் பெட்டி

மழை விட்டிருக்கு, உளுந்துக்கு களை எடுத்தாச்சு, அதனால கொஞ்சம் நிதானமா எழுத உட்கார்ந்திருக்கேன்.

போன வாரம் சென்னையில் இருந்து என் மகள் போன் பண்ணினாள். "எப்பா, கிறிஸ்துமஸுக்கு ஆபீஸ்ல இருபது பேருக்குப் பலகாரம் கொடுக்கணும். கடையில வாங்குனா எல்லாரும் கொடுக்கிற அதே அட்டைப்பெட்டிதான். நம்ம வீட்டு முந்திரிக்கொத்தை ஓலைப்பெட்டியில வச்சுக் கொடுத்தா எப்படி இருக்கும்! உங்க ஆச்சி முடைஞ்சது ஒண்ணு வீட்ல கிடக்குல்லா, அது மாதிரி இருபது கிடைக்குமா?"

பலகாரத்துக்கு உடனே சரின்னு சொல்லிட்டேன். பெட்டிக்கு மட்டும் வாய் வரலை. "பாக்கேன்மா"ன்னு சொல்லி வச்சிட்டேன். ஏன் அப்படின்னா, அதுக்கு எங்க பக்கத்து கிறிஸ்துமஸ் கதையையே முதல்ல இருந்து சொல்லணும்.

எங்க ஊர் திருச்செந்தூருக்குத் தெற்கே, செந்தேரி ஓரம். பனை இல்லேன்னா இந்த மண்ணில் மனுசன் தங்கியிருக்கவே மாட்டான். கிணறு வெட்டி, மோட்டார் வச்சு வாழை போட்டது எல்லாம் பின்னாடி வந்த கதை. எங்க தாத்தா காலத்தில் பனைதான் வயல், பனைதான் மாடு. தாத்தா காலையில் நாப்பது, சாயங்காலம் அதே நாப்பது பனை ஏறி இறங்குவார். பாளை சீவி, சுண்ணாம்பு தடவின கலயத்தில் பதநீர் இறக்குவார். ஆச்சி அதை விடிலியில் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவாள். ஏறுறது ஆம்பளை வேலைன்னா, அடுப்பு முன்னாடி வேகுறது பொம்பளை வேலை. ரெண்டும் சேர்ந்தாத்தான் ஒரு வட்டுக் கருப்பட்டி.

இங்கே கிறிஸ்தவம் வந்து இருநூறு வருசத்துக்கு மேல ஆச்சு. கடற்கரைப் பரதவர் ஊர்களில் அதுக்கும் முன்னாடியே, போர்ச்சுக்கீசியர் காலத்தில், 1530-களிலேயே வந்துட்டு. சவேரியார் வந்தது 1542-ல். ஆனா தேரிக்காட்டுப் பனையேறிகளிடம் சீர்திருத்த சபை வந்தது 1790-களில்தான். ஞானஸ்நானம் வாங்கினவர்கள் சொந்த ஊரில் அடி உதை பட்டதால், தனியா நிலம் வாங்கி ஒரு ஊர் அமைச்சாங்க. 1799-ல் அப்படி முதல்ல உண்டான ஊர்தான் முதலூர். பேரே அதுதான். அப்புறம் நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், சாயர்புரம்னு வரிசையா வந்தது. ரேனியஸ் ஐயர் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தார். இப்படி விரட்டப்பட்ட குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்கவே ஒரு தர்ம சங்கம் ஏற்படுத்தினார். (எங்க பக்கம் பாதிரியாரை 'ஐயர்'னுதான் சொல்லுவோம். அவர் சம்சாரம் 'ஐயரம்மா'. வெளியூர் ஆட்கள் குழம்ப வேண்டாம்.) 1841-ல் கால்டுவெல் ஐயர் இடையன்குடிக்கு வந்தார். அங்கே இருக்கிற கோயிலை 1847-ல் ஆரம்பிச்சு 1880-ல்தான் பிரதிஷ்டை பண்ணினாங்க. முப்பத்திமூணு வருச வேலை.

இந்த ஐயர்மார்கள் கொண்டுவந்த பண்டிகையில் ஒரு சிக்கல் இருந்தது. அதை யாரும் எழுதி நான் படிச்சதில்லை. ஆனா எங்க ஆச்சி சொல்லாத வருசம் கிடையாது. பதநீர் மாசியில் தொடங்கி ஆடியோட முடிஞ்சிரும். அதுக்கப்புறம் பனையில் ஒரு சொட்டு இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூணும் பனையேறி வீட்டில் பஞ்ச மாசம். கிழங்கு தோண்டுறது, சீனிக்கிழங்கு அவிக்கிறது, கடன் வாங்குறதுன்னு ஓடும். அந்த மாசத்தில் பார்த்துக் கிறிஸ்துமஸ் வருது! தைப்பொங்கல் அறுவடையோடு வரும், நெல்லுக்காரனுக்குக் கையில் காசு இருக்கும். எங்களுக்குக் கிறிஸ்துமஸ் கையில் ஒண்ணுமில்லாத நேரத்தில் வரும்.

அதனாலதான் எங்க ஊரில் கிறிஸ்துமஸ் பலகாரமும் கொடுக்கல் வாங்கலும் முழுக்க வீட்டிலேயே செய்த சாமானா இருந்தது. கைவேலைப் பிரியத்தில் யாரும் செய்யலை. காசு கிடையாது, அதான் காரணம்.

அதுக்கு வேலை சித்திரையிலேயே தொடங்கும். கருப்பட்டி அத்தனையும் வீட்டுக்குச் சொந்தம் இல்லை. முந்தின மழைக்காலத்தில் வியாபாரியிடம் வாங்கின முன்பணத்துக்கு வட்டு வட்டா போய்ச் சேரும். பனைக்காரருக்குப் பாட்டம் அளக்கணும். அதிலேயும் மிச்சம் பிடிச்சு ஆச்சி ஒரு ஓலைப்பெட்டியில் கருப்பட்டி ஒதுக்கி, அடுப்புக்கு மேல பரணில் கட்டித் தொங்க விடுவாள். அடுப்புப் புகை படப் பட, மழைக்காலத்தில் கருப்பட்டி இளகாது. அந்தப் பெட்டிக்கு வீட்டில் 'பண்டியப் பெட்டி'ன்னு பேர். புள்ளைகள் யாரும் தொடக்கூடாது. தாத்தாவே தொடக்கூடாது. ஒரு வருசம் கடன்காரர் வாசலில் வந்து உட்கார்ந்தப்போ தாத்தா அதை இறக்கப் போனாராம். ஆச்சி பரணுக்குக் கீழே நின்னுக்கிட்டு, "என் தாலியைக் கழட்டிக் கொண்டு போங்க, அதைத் தொடாதீங்க"ன்னு சொன்னாளாம். அந்தக் கருப்பட்டியில்தான் முந்திரிக்கொத்து.

முந்திரிக்கொத்துன்னா முந்திரிப்பருப்பு இருக்கும்னு வெளியூர்க்காரங்க நினைப்பாங்க. ஒரு பருப்பு கூட கிடையாது. இங்கே முந்திரின்னா கொடிமுந்திரி, அதாவது திராட்சை. மூணு மூணு உருண்டை ஒட்டிக்கிட்டு திராட்சைக் கொத்து மாதிரி இருக்கிறதால அந்தப் பேர். நாகர்கோவில் பக்கமும் இதே பலகாரம் உண்டு. ரெண்டு கிலோ பாசிப்பயறைச் சிவக்க வறுத்து, உடைச்சு, தொலி புடைச்சு, திரிச்சு எடுக்கணும். ஒரு தேங்காயைத் துருவி ஈரம் போக வறுக்கணும். கொஞ்சம் எள்ளு, சுக்கு, ஏலம். ஒண்ணேகால் கிலோ கருப்பட்டியைப் பாகு காய்ச்சி, மண் வடிகட்டி, சூட்டோட மாவில் ஊத்திக் கிளறி உருட்டணும். சூடு ஆறினா உருட்ட வராது. அதனால நாலு பொம்பளைகள் ஒண்ணா உட்காரணும். மறுநாள் உருண்டை இறுகினதும், மஞ்சப்பொடி போட்ட அரிசி மாவில் மூணு மூணா முக்கி, தேங்காய் எண்ணெயில் பொரிச்சு எடுப்பாங்க. ரெண்டு வாரம் கெடாது. அந்தக் கெடாத குணம்தான் முக்கியம். சீர் கொண்டு போறவன் நடந்துதான் போகணும், இருபது மைல் தள்ளி இருக்கிற சம்பந்தி வீட்டுக்கும் அது கெடாம போய்ச் சேரணும்.

இன்னொண்ணு அச்சு முறுக்கு. இரும்பு அச்சை எண்ணெயில் காய வச்சு, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்த அரிசி மாவில் முக்கி, திரும்ப எண்ணெயில் விட்டா பூ மாதிரி கழண்டு வரும். இது கடல் வழியா வந்த பலகாரம். இலங்கையில் கொக்கிஸ்னு இதையே செய்றாங்க, அது டச்சுக்காரங்க வழியா வந்த பேர். தூத்துக்குடியும் 1658-ல் டச்சுக்காரங்க கையில் போன ஊர்தானே. எங்க தெருவுக்கு ஒரே ஒரு அச்சுதான் இருந்தது. அது டிசம்பர் 20-க்கு மேல வீடு வீடா இரவல் போகும். எந்த வீட்டு அடுப்பில் இருக்குன்னு கேட்டுக்கிட்டே புள்ளைகள் ஓடுவோம். தூத்துக்குடி மக்ரூன் மாதிரி பேக்கரி அடுப்பு வேணும்கிற பண்டங்கள் எல்லாம் டவுனில் வேலை பார்க்கிறவங்க வாங்கிட்டு வந்தா உண்டு. கேக்கை நான் முதல்ல தின்னது ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது.

கைவேலையும் இதே கதைதான். நாகர்கோவிலில் 1820-களில் லண்டன் மிஷன் ஐயரம்மாக்கள் பெண்களுக்கு லேஸ் பின்னக் கத்துக்கொடுத்தாங்க. எங்க ஆச்சி காலத்து ஆட்கள் அதை 'ரேந்தை'ன்னு சொல்வாங்க, அது போர்ச்சுக்கீசியச் சொல். அப்போ திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது, 1855-ல்தான் ஒழிச்சாங்க. லேஸ் வித்த காசில் தங்களை மீட்டுக்கொண்ட அடிமைப் பெண்கள் உண்டு. அந்த நாகர்கோவில் மால்ட் ஐயர் மகள் எலைசா, கால்டுவெல்லைக் கட்டிக்கிட்டு இடையன்குடி வந்து, இங்கேயும் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் வேலையைக் கத்துக்கொடுத்தாங்க. நூலும் ஊசியும் பின்னல் தலையணையும் மிஷன் தந்தது. பின்னினதும் கப்பல் ஏறிப் போயிரும், செய்தவள் வீட்டில் தங்காது.

ஓலை அப்படி இல்லை. அது மிஷன் வருவதுக்கு முந்தியே எங்க கையில் இருந்த வேலை. ஓலைப்பெட்டி, கொட்டான், சுளகு, கடகம், பாய், விசிறி எல்லாமே பனைதான். பதநீர் குடிக்கிற பட்டையும் ஓலைதான். பண்டிகைக்குன்னு முடையுற பெட்டி மட்டும் தனி. குருத்தோலையை விரிச்சு வெயிலில் காயப்போட்டு, ராத்திரி பனியில் வெளுக்க விடுவாள் ஆச்சி. ஈர்க்கை உரிச்சு, ஓலையை விரல் நகத்தால் ஒரே அளவில் கிழிப்பாள். பாதியைச் சாயப்பொடி போட்டுக் கொதிக்க வச்சுச் சிவப்பும் பச்சையும் ஆக்குவாள். காய்ந்த ஓலை ஒடிஞ்சிரும், ஈரம் பட்டாத்தான் வளையும். அதனால ஐப்பசி, கார்த்திகை மழைதான் முடையுற காலம். வருமானம் இல்லாத மாசமும் ஓலை பதமா இருக்கிற மாசமும் ஒண்ணா அமைஞ்சுபோச்சு. வெளியே மழை, உள்ளே நாலு பொம்பளைகள் காலை நீட்டி உட்கார்ந்து முடைவாங்க. நட்சத்திரமும் வீட்டு வேலைதான். மூங்கில் பிளாச்சில் கூடு கட்டி, மைதாப் பசையில் கலர்த்தாள் ஒட்டி, உள்ளே சிம்னி விளக்கு வைப்போம். காத்தில் எரிஞ்சுபோன நட்சத்திரம் எத்தனையோ.

ஒரு கிறிஸ்துமஸுக்கு ஆச்சி எட்டுப் பத்துப் பெட்டி முடைவாள். முதல் பெட்டி ஐயர் வீட்டுக்கு. அடுத்தது அந்த வருசம் கட்டிக்கொடுத்த பொண்ணு வீட்டுக்கு, தலைக் கிறிஸ்துமஸ் சீர். பிறகு பக்கத்து வீடுகள், இந்து வீடுகள், சந்தையில் பழகின பாய் வீடு. கடைசிப் பெட்டி பனைக்காரர் வீட்டுக்கு. எந்தப் பெட்டியும் வெறுமனே திரும்பி வராது. அரிசியோ வாழைக்காயோ ரெண்டு தேங்காயோ போட்டுத்தான் வரும். வெறும் பெட்டியைக் கொடுத்து அனுப்பினா உறவு வேண்டாம்னு அர்த்தம்.

அந்தக் கடைசிப் பெட்டியைப் பத்தி எங்க அப்பா ஒரே ஒரு தடவைதான் என்கிட்ட சொன்னார். அப்பாவுக்கு அப்போ ஏழு எட்டு வயசு இருக்கும், வெள்ளைக்காரன் போகாத காலம். தாத்தா பின்னாடியே பெட்டியைச் சுமந்துக்கிட்டு போயிருக்கார். முத்தத்தில் நின்னு கொடுத்திருக்காங்க. உள்ளே இருந்து வந்த ஆள் கருப்பட்டியை மட்டும் எடுத்துக்கிட்டு உள்ளே போனாராம். முந்திரிக்கொத்தைத் தொழுவத்துப் பக்கம் கொண்டு போய் மாட்டுக்காரப் பையனிடம் தட்டினாராம். ஆச்சி காய்ச்சின கருப்பட்டி ஆகும், அதே ஆச்சி அதே அடுப்பில் பொரிச்ச பலகாரம் ஆகாது! அப்பா வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் சொல்லி அழுதிருக்கார். ஆச்சி கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலையாம். பிறகு, "அவியளுக்கு வாங்கிக்கிடத் தெரிஞ்சத நாம குடுப்போம்லே" என்றாளாம். மறு வருசம் பெட்டியில் கருப்பட்டி மட்டும் போச்சு. ஆனா பெட்டி அதே சிவப்பு பச்சைக் கோடு போட்ட பண்டியப் பெட்டி. முடைச்சலில் ஒரு குறை வைக்கலை.

இதைச் சொல்லும்போது எங்க வீட்டுக் குறையையும் சொல்லிரணும். தீபாவளிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்து எங்களுக்கு அதிரசமும் சுசியமும் வரும். ஆச்சி சிரிச்ச முகமா வாங்கி வச்சுக்கிட்டு, அவங்க தெரு திரும்பினதும் கோழிக்குப் போட்டிருவாள். "படைச்சது, நாம தின்னக்கூடாது." சபையில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தாங்க. நான் நாலாப்பு படிக்கும்போது என் அம்மாதான் முதல் தடவையா அந்த அதிரசத்தைப் பிட்டு என் வாயில் வச்சாள். ஆச்சி கோவமா பார்த்தாள். அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கு: "அத்தை, நம்ம பலகாரத்தத் தொழுவத்துல தட்டுனது உங்களுக்கு வலிச்சுதுல்லா. இதச் செஞ்சவளுக்கும் கை வலிச்சிருக்கும்." ஆச்சி பதில் சொல்லலை. ஆனா அதுக்கப்புறம் கோழிக்குப் போடலை. அவள் தின்னதும் இல்லை, எங்களைத் தடுத்ததும் இல்லை.

பனைக்காரர் வீட்டிலேயும் காலம் மாறிப்போச்சு. அந்த வீட்டுப் பேரன் என்கூட ஹைஸ்கூலில் படிச்சான். 1984 கிறிஸ்துமஸ் அன்னைக்கு எங்க அடுக்களையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒம்போது முந்திரிக்கொத்து தின்னான். ஆச்சி எண்ணிக்கிட்டே இருந்தாள், எனக்குத் தெரியும். அவன் போகும்போது பெட்டி நிறைய போட்டுக் கொடுத்தாள். அதுதான் அவள் முடைஞ்ச கடைசி வருசத்துப் பெட்டி. அந்த வருசம் முடைஞ்சதில் இன்னொண்ணுதான் இப்போ எங்க வீட்டில் இருக்கு. அதில் அம்மா தீர்வை ரசீதையும் ஞானஸ்நானச் சீட்டையும் போட்டு வச்சிருந்தாள். மகள் கேட்டது அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான்.

பிறகு என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். பிளாஸ்டிக் வாளி வந்தது, எவர்சில்வர் டப்பா வந்தது. பனையேறி மகன் பனையேறலை. நானும் ஏறலை. அதில் எனக்கு வருத்தம் இல்லை, தாத்தா நெஞ்சில் இருந்த காய்ப்பை நான் பார்த்திருக்கேன். உடன்குடிக் கருப்பட்டிக்கு இப்போ புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, நல்ல விலையும் இருக்கு. ஏறத்தான் ஆள் இல்லை. 1978-ல் பனையை மாநில மரம்னு அறிவிச்சாங்க. அதுக்கப்புறமும் லாரி லாரியா செங்கல் சூளைக்குப் போச்சு. 2021 வேளாண் பட்ஜெட்டில்தான் கலெக்டர் அனுமதி இல்லாம பனையை வெட்டக்கூடாதுன்னும், 76 லட்சம் பனை விதை கொடுக்கிறதாவும் சொன்னாங்க.

சூளைக்குப் போன அந்த லாரியில் என் மரமும் இருந்தது. 2015-ல் மகளைக் காலேஜில் சேர்த்தப்போ பணம் பத்தலை. வடக்கு வரப்பில் நின்ன பதினாலு பனையை வித்தேன். தாத்தா பிற்காலத்தில் கடனைத் தீர்த்துச் சொந்தமா வாங்கின துண்டு அது. மிஷின் ரம்பத்தில் ஒரே காலையில் முடிஞ்சுபோச்சு. அந்தப் படிப்பில் வேலைக்குப் போன மகள்தான் இப்போ குருத்தோலைப் பெட்டி இருபது கேட்கிறாள். போனில் எனக்கு வாய் வராதது அதனாலதான். அவளிடம் இன்னும் நான் சொன்னதில்லை. இதைப் படிச்சா தெரிஞ்சுக்கிடட்டும். உன் மேல தப்பு இல்லம்மா. திரும்ப அந்த நிலை வந்தா திரும்பவும் விப்பேன். ஆனா அந்த வரப்பில் நடக்கும்போது ஒவ்வொரு தடவையும் எண்ணிப் பார்க்கத்தான் செய்றேன்.

சரி, பெட்டி விசயத்துக்கு வாரேன். மறுநாளே எங்க அத்தை வீட்டுக்குப் போனேன். அப்பாவோட தங்கச்சி, வயசு எழுபத்தெட்டு. ஆச்சி கையில் நேரடியா முடையப் படிச்ச ஆட்களில் இப்போ மிச்சம் அவங்க ஒருத்தர்தான். "கை நடுங்குதுல, குருத்து கொண்டா பாப்போம்" என்றாங்க. எங்களிடம் நிக்கிற பனை இப்போ ஆறு. பக்கத்து ஊரில் இருந்து அறுபது தாண்டின ஒருத்தரைக் கூப்பிட்டு, மரத்துக்கு ஒரு குருத்து மட்டும் வெட்டி எடுத்தோம். அதுக்கு மேல எடுத்தா மரம் தாங்காது. ஓலை காய்ந்து வெளுத்ததும், அத்தை முதல் பெட்டியை ரெண்டு நாளில் முடிச்சாங்க. பக்கத்தில் உட்கார்ந்து அடிப்பாகம் முடையக் கத்துக்கிட்டேன். மூணு தடவை பிரிக்கச் சொன்னாங்க. "ஒங்க ஆச்சி இருந்தா சுளகாலேயே அடிப்பா" என்றாங்க.

இருபது ஆகாது. எட்டு ஆகும்னு மகளிடம் சொல்லிட்டேன். "மத்த பன்னிரண்டு பேருக்கு அட்டைப்பெட்டி, முந்திரிக்கொத்து எல்லாருக்கும் ஒண்ணுதானேப்பா" என்றாள். ஆனா எட்டு ஓலைப்பெட்டியும் யாருக்குன்னு அவளே யோசிச்சு வச்சிருக்காளாம். ஒண்ணு அவங்க ஆபீஸ் தரை துடைக்கிற அம்மாவுக்கு. ஆச்சி கணக்கில் அது கடைசிப் பெட்டி. இவள் கணக்கில் முதல் பெட்டி. நல்லதுதான்.

2021-ல் நானும் வடக்கு வரப்பில் அதே பதினாலு குழி தோண்டி விதை போட்டேன். பதினொண்ணு முளைச்சிருக்கு. இன்னும் முழங்கால் உயரம்தான், மாடு கடிக்காம முள் வச்சிருக்கேன். அது குருத்து வெட்டுற அளவுக்கு வளர்ந்து நிக்கும்போது நான் இருப்பேனோ என்னவோ. முடையுற கை ஒண்ணாவது அப்போ இருக்கணும். அதுக்காகத்தான் இந்த வயசில் அத்தைகிட்ட திட்டு வாங்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். நாளைக்கு மூடி முடையச் சொல்லித் தாரேன்னு சொல்லியிருக்காங்க.

எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். எங்க ஊர்ப் பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க, முந்திரிக்கொத்து இருக்கும்.